பிரிஸ்டல் சேனல் சேற்றுக் கரையில் தூண்டில் போட வருகிறவர்களுக்கு

பிரிஸ்டல், கார்டிஃப் பக்கம் வேலைக்கு வந்து சேர்ந்த நம்ம ஆட்கள் மீன் பிடிப்பதைப் பற்றி என்னிடம் பேச்செடுத்தால் முதல் கேள்வி ராடு எங்கே வாங்குவது என்பதாகத்தான் இருக்கும். ராடு அப்புறம். போனை எடுத்து, அவொன்மவுத் துறைமுகத்தில் கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று சொல்லும் ஏற்றவற்ற அட்டவணையைத் திறங்கள். இந்தக் கரையில் எப்போது போவது, எங்கே நிற்பது, தூண்டிலை அடியில் நிறுத்த எந்த ஈயம் கட்டுவது, எப்போது மூட்டை கட்டிக் கிளம்புவது எல்லாவற்றையும் அதுதான் முடிவு செய்யும்.

நான் தூத்துக்குடிக்காரன். அங்கே கடல் ஏறி இறங்குவது பெரிய நாளிலும் ஒரு மீட்டர் அளவுதான். கரையில் நிற்கிறவன் அதைக் கவனிக்கக்கூட மாட்டான். இப்போது குடியிருப்பது வெஸ்டன்-சூப்பர்-மேர். இங்கே மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் நடுவே 12 மீட்டர் வரை வித்தியாசம் வருவது சாதாரண விஷயம். மார்ச், செப்டம்பர் மாதங்களின் பெரிய நாட்களில் அவொன்மவுத்தில் 14 மீட்டரையே தொடும். நாலு மாடிக் கட்டடத்தின் உயரத்துக்குத் தண்ணீர் ஆறு மணி நேரத்தில் ஏறி, அடுத்த ஆறு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. அட்லாண்டிக்கிலிருந்து வருகிற ஏற்றம், இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நடுவே வாய் அகன்று போகப் போகக் குறுகும் இந்தச் சேனலுக்குள் நுழைந்ததும் பக்கவாட்டில் ஒதுங்க இடமில்லாமல் மேலே எழும்புகிறது. அதோடு இந்தக் கடல்பகுதியின் நீளமும் ஏற்றத்தின் தாளமும் ஒத்துப்போவதால் உயரம் இன்னும் கூடுகிறது. உலகிலேயே மிகப் பெரிய ஏற்றவற்றம் உள்ள இடங்களில் இது ஒன்று.

இவ்வளவு தண்ணீர் போய்வரும்போது அடியில் கிடக்கும் வண்டலையும் சேர்த்துக் கலக்கிவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடல் நீலமாகவே இருக்காது. சாயா நிறம். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு இதில் மீன் இருக்குமா என்றே சந்தேகம் வரும். நிறைய இருக்கிறது. ஆனால் கண்ணால் தேடாது, மூக்கால் தேடும். இரை பற்றிச் சொல்லும்போது இதற்குத் திரும்ப வருகிறேன்.

அட்டவணையைப் படிப்பது

அட்டவணையில் ஒவ்வொரு நாளுக்கும் நான்கு வரி இருக்கும். இரண்டு மேல்மட்டம், இரண்டு கீழ்மட்டம், பக்கத்தில் மீட்டர். ஒரு மேல்மட்டத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நாளுக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் என்று தள்ளிக்கொண்டே போகும்.

நேரத்தை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் மீட்டரைப் பாருங்கள். அவொன்மவுத் கணக்கில் மேல்மட்டம் 13 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் பெரிய ஏற்றம். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஒன்றிரண்டு நாளில் வரும். 10 மீட்டரை ஒட்டி இருந்தால் சின்ன ஏற்றம், அரைநிலா நாட்களை ஒட்டி வரும். வீட்டில் தமிழ் நாட்காட்டி தொங்கினால் அதைப் பார்த்தே பாதி யூகித்துவிடலாம். இன்னொரு வசதியும் உண்டு. இந்தப் பக்கம் பெரிய ஏற்றம் வருகிற நாட்களில் மேல்மட்டம் எப்போதும் காலையும் மாலையும் ஏழு, எட்டு மணியை ஒட்டியே விழும். சின்ன ஏற்றம் என்றால் மத்தியானமும் நடுராத்திரியும். மருத்துவமனையில் ஷிப்ட் பார்க்கிற எனக்கு இது பெரிய உதவி. மாத ரோஸ்டர் கைக்கு வந்ததும் அட்டவணையைப் பக்கத்தில் வைத்து நாள் குறித்துவிடுவேன்.

புதிதாக வருகிறவர்கள் 11 முதல் 12 மீட்டர் வரை உள்ள நடுத்தர நாட்களைத் தேர்ந்தெடுங்கள். பெரிய ஏற்றத்தில் மீன் அதிகம் நகரும் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் அன்றைக்கு ஓடுகிற தண்ணீரில் ஈயத்தை அடியில் நிறுத்துவதே பெரும்பாடு. போதாக்குறைக்குக் கரையோரப் புல்வெளிகளில் கிடந்த காய்ந்த நாணலும் குச்சியும் மரக்கட்டையும் மிதந்து வந்து தூண்டில் நரம்பில் தொங்கும். கற்றுக்கொள்கிற நாளுக்கு அது ஆகாது.

ஏறுகிற வேகம் ஒரே சீராக இருக்காது. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்குங்கள். முதல் மணி நேரம் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று, நான்காவதில் மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று. நமக்கு 12 மீட்டர் கிடைத்திருப்பதால் கணக்கு சுலபம், ஒரு பங்கு ஒரு மீட்டர். நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் ஆறு மீட்டர் ஏறிவிடும். இது செங்குத்துக் கணக்கு. தட்டையான சேற்றுவெளியில் ஒரு மீட்டர் உயரம் என்றால் கிடைமட்டத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர். அதுவும் நேராக முன்னாலிருந்து வராது. சேற்றை அறுத்துக்கொண்டு போகும் ஓடைகளில்தான் முதலில் புகும். நீங்கள் முன்னால் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பின்னால் உள்ள ஓடை நிறைந்துவிட்டிருக்கும். பிரிஸ்டல் பக்கம் மேலே போகப் போக ஏற்றம் சீக்கிரம் முடிந்து வற்றம் நீளும் என்பதால், அங்கே இந்தக் கணக்கை விடவும் வேகமாக ஏறுவதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கோடை நேரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடையில் விற்கும் சின்ன அட்டவணைப் புத்தகங்கள் சிலவற்றில் கிரீன்விச் நேரமே அச்சாகியிருக்கும். மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை நீங்கள்தான் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். சில புத்தகங்களில் கூட்டியே போட்டிருப்பார்கள். முதல் பக்கத்தில் எழுதியிருக்கும், படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சேற்றில் இறங்காதீர்கள்

நாகப்பட்டினத்திலிருந்து புதிதாக வந்த ஒரு தம்பி வற்றம் நேரத்தில் வெஸ்டன் கடற்கரையில் நின்றுகொண்டு கேட்டான்: "அண்ணே, தண்ணி ஒரு மைல் தள்ளிப் போய்க் கெடக்கு. நடந்து போயி அங்கன நின்னு எறிஞ்சா என்ன?" நியாயமான கேள்விதான். நடைபாதையை ஒட்டிக் கெட்டியான மணல், அதில் கழுதைச் சவாரிகூட நடக்கிறது. அப்படியே நடந்தால் மணல் எப்போது சேறாக மாறுகிறது என்று காலுக்குத் தெரியும்போது முழங்கால் வரை உள்ளே போயிருக்கும். மேலே ஈரம் மினுங்க, பார்க்க வழவழப்பாக, மணலைவிடச் சாம்பல் நிறம் கூடி இருந்தால் அது சேறு. எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருக்கிறார்கள், அவை அலங்காரத்துக்கு இல்லை.

இந்தச் சேற்றின் குணம், அசையும்போது இளகும், நின்றால் இறுகும். இழுக்க இழுக்கக் காலுக்குக் கீழே வெற்றிடம் உண்டாகிப் பிடித்துக்கொள்ளும். சேறு ஆளை முழுசாக விழுங்காது. பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மிச்ச வேலையை ஏற்றம் பார்த்துக்கொள்ளும். ஆபத்து அதில்தான்.

ஒருவேளை மாட்டிக்கொண்டால் நின்றபடி போராடாதீர்கள். பின்பக்கமாக உட்கார்ந்து, முடிந்தால் மல்லாந்து, உடல் பாரத்தைப் பரப்புங்கள். ஜாக்கெட், சாமான் பெட்டியின் மூடி எது இருந்தாலும் அடியில் போடுங்கள். ஒவ்வொரு காலாக மெல்ல மெல்ல ஆட்டி, தண்ணீர் உள்ளே இறங்க விட்டு, வெளியே எடுங்கள். பூட்ஸ் போனால் போகட்டும். வந்த வழியிலேயே ஊர்ந்து திரும்புங்கள். இதெல்லாம் தொடங்குவதற்கு முன்பே 999 அடித்து கோஸ்ட்கார்ட் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். வெளியே வந்துவிட்டால் வந்துவிட்டேன் என்று சொன்னால் போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கூட வந்தவர் கைகொடுக்கிறேன் என்று இறங்கக் கூடாது. பர்ன்ஹாமில் இதற்கென்றே மீட்புக் குழுவினர் ஹோவர்கிராஃப்ட் வைத்திருக்கிறார்கள். கோஸ்ட்கார்டின் சேற்று மீட்பு ஆட்கள் காலைச் சுற்றித் தண்ணீரைப் பீய்ச்சி இளக்கி எடுப்பார்கள். போனை நீர்புகா உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் இருக்கும் போன் எட்டாது.

பிரிட்ஜ்வாட்டர் வளைகுடாவில் ஸ்டோல்ஃபர்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே தலைமுறை தலைமுறையாகச் சேற்றுக்கு மேல் போய், கழி நட்டுக் கட்டிய வலையில் இறால் எடுத்து வந்தவர்கள் உண்டு. அவர்கள்கூட நடந்து போவதில்லை. மட் ஹார்ஸ் என்று ஒரு மரச் சறுக்குவண்டி. நெஞ்சையும் வயிற்றையும் அதன் மேல் சாய்த்துக்கொண்டு காலால் உந்தித் தள்ளிக்கொண்டு போவார்கள். பிறந்ததிலிருந்து அந்தச் சேற்றைத் தெரிந்தவர்களே அப்படித்தான் போகிறார்கள் என்று அந்தத் தம்பியிடம் சொன்னேன்.

அதற்கு மேல் இன்னொரு காரணமும் சொன்னேன், அவனுக்கு அதுதான் பிடித்தது. வற்றிக் கிடக்கும் இந்தச் சேறு முழுக்கப் புழுவும் நண்டும் இறால் குஞ்சும். ஏற்றம் தொடங்கியதும் மீன் அதைத் தேடித் தண்ணீரோடு சேர்ந்து கரைக்கு வரும். தண்ணீர் கரையை எட்டிய பிறகு முப்பது, நாற்பது மீட்டர் எறிந்தாலே மீன் இருக்கிற இடம்தான். நூறு மீட்டர் எறிவதை இங்கே வீரமாகப் பேசுவார்கள். பல சமயம் மீனைத் தாண்டித்தான் எறிகிறார்கள்.

எங்கே நிற்பது

காலுக்குக் கீழே கல்லோ சிமென்டோ கட்டையோ இருக்க வேண்டும். இது ஒன்றுதான் விதி.

முதல் முறை வருகிறவர்களுக்கு நான் சொல்வது கிளீவ்டன் பியர். 1869-இல் திறந்தது, ரயில் தண்டவாள இரும்பை வளைத்துக் கட்டிய அழகான ஒல்லிப் பாலம். தூண்டில் போடக் கட்டணம் கட்ட வேண்டும், ஆனால் பியரின் நுனியில் தண்ணீர் வற்றிப்போகாது, கழிப்பறையும் டீயும் பக்கத்தில், குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகலாம். பாடம் படிக்க நல்ல இடம். தூண்களில் கடல் எவ்வளவு இறங்குகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துப் புரிந்துகொள்ளலாம். மேலிருந்து பெரிய மீனைத் தூக்க நரம்பை நம்பக் கூடாது. கயிறு கட்டிய வளைய வலை ஒன்று, டிராப் நெட் என்பார்கள், கையில் இருக்கட்டும்.

போர்டிஸ்ஹெட்டில் பேட்டரி பாயின்ட். ஆழம் கரையை ஒட்டியே இருக்கிறது, அவொன்மவுத்துக்கும் போர்ட்பரிக்கும் போகும் பெரிய கப்பல்கள் கிட்டக் கடந்து போகும். கப்பல் போன கொஞ்ச நேரத்தில் அதன் அலை பாறையில் ஏறும். கப்பலைப் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் சாமானோடு இரண்டு அடி மேலே ஏறிவிடுங்கள். பாறை முழுக்கச் சேறு பூசிக் கிடப்பதால் ஓட முடியாது, முன்கூட்டியே நகர வேண்டும்.

வெஸ்டனில் ஆங்கர் ஹெட் பக்கத்துப் பாறைகள், பர்ன்ஹாமில் கடற்சுவர். இரண்டிலும் மேல்மட்டத்துக்கு முன் இரண்டரை மணி, பின் இரண்டு மணி. அதற்கு வெளியே போனால் முன்னால் இருப்பது வெறும் சேறு. கொஞ்சம் மேற்கே போனால் வாட்செட் துறைமுகம், சேறு குறைந்து கல் கூடும். வேல்ஸ் பக்கம் பெனார்த், பாரி என்று இருக்கின்றன. கார்டிஃபில் உள்ளவர்கள் அங்கேயே பழகுங்கள், பாலம் தாண்டி வரத் தேவையில்லை.

பாறையில் நிற்கிறவர்கள் தண்ணீர் ஏறும்போது, எந்த வழியாக இறங்கினோம் என்பதைத் திரும்பிப் பாருங்கள். அந்த வழியின் மிகத் தாழ்வான இடம் எது, அதில் எப்போது தண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டு, அதற்கு அரை மணி முன்னால் அலாரம் வையுங்கள். மீன் கடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த அலாரம் அடிக்கும். கிளம்புங்கள்.

சாமான்

12 அடி பீச்காஸ்டர் ராடு, 6 அவுன்ஸ் எறியக்கூடியது. ஒரு நல்ல பெரிய ஃபிக்ஸட் ஸ்பூல் ரீல். எறியும்போது உருளையே சுழலும் மல்டிப்ளையர் ரீல் வேண்டாம் என்பது என் கட்சி. குளிரில் விரல் மரத்துப்போயிருக்கும்போது நரம்புச் சிக்கலைப் பிரிக்க நான் தயாரில்லை. பழைய சாமான் கடைகளில் பாதி விலைக்குக் கிடைக்கும், முதல் வருஷம் அது போதும். முக்கால் ஆள் உயர முக்காலி ஸ்டாண்ட் ஒன்று கட்டாயம். ராடு நுனி உயரமாக நின்றால்தான் நரம்பின் பெரும்பகுதி ஓட்டத்துக்கு வெளியே இருக்கும், குப்பையும் குறைவாகச் சேரும்.

நரம்பு 20 பவுண்டு. அதன் முன்னால் ஷாக் லீடர், அதாவது எறியும்போது வரும் வெட்டைத் தாங்கும் தடித்த நரம்பு. அவுன்ஸுக்குப் பத்து பவுண்டு என்று கணக்கு. 6 அவுன்ஸ் ஈயத்துக்கு 60 பவுண்டு. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். எறியும்போது நரம்பு அறுந்தால் அந்த ஈயம் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது.

ஈயம் சாதாரணக் குண்டாக இருந்தால் இங்கே உருண்டுகொண்டே போய்ப் பக்கத்து ஆளின் நரம்பில் பின்னிக்கொள்ளும். நான்கு கம்பிக்கால் நீட்டிக்கொண்டிருக்கும் கிரிப் ஈயம் வாங்குங்கள், 5 அவுன்ஸும் 6 அவுன்ஸும். கம்பிகள் அடிச்சேற்றைக் கவ்வும், இழுத்தால் மடங்கி விடுபடும். பாறை இடமானால் ஈயத்தை மட்டும் மெல்லிய நரம்பில் கட்டுங்கள். சிக்கினால் ஈயம் போகும், மீன் கைக்கு வரும்.

தூண்டில் முள் கட்டு இரண்டு வகை போதும். வைட்டிங், நாக்குமீன் மாதிரிச் சின்ன மீன்களுக்கு இரண்டு முள் தொங்கும் ஃபிளாப்பர், முள் அளவு 1 அல்லது 2. திருக்கை, காங்கர் விலாங்குக்குப் புல்லி ரிக், 3/0 அல்லது 4/0 முள். மீன் மாட்டியதும் ஈயத்தை மேலே தூக்கிவிடுவதுதான் புல்லி ரிக்கின் வேலை. அதனால் பாறை இடுக்கில் ஈயம் செருகாது.

உடுப்பு பற்றி ஒரே வரி: எவ்வளவு போட வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அதற்கு மேல் ஒன்று, அதற்கும் மேல் லைஃப் ஜாக்கெட்.

எறிவதும் காத்திருப்பதும்

ஊரில் கையால் விடும் தூண்டிலில் நரம்பை விறைப்பாக வைத்து விரலில் கடி பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே கை தடுமாறும். காரணம் நீவாடு, அதாவது தண்ணீரின் ஓட்டம். நேராக எறிந்து விறைப்பாக இழுத்துக் கட்டினால், ஓட்டம் நரம்பைத் தள்ளித் தள்ளி ஈயத்தை மேலே பிடுங்கிவிடும்.

ஓட்டம் வரும் திசையைப் பார்த்து எறிய வேண்டும். கிளீவ்டனிலோ போர்டிஸ்ஹெட்டிலோ கடலைப் பார்த்து நின்றால் ஏற்றம் இடமிருந்து வலமாக ஓடும், ஆகவே ஏற்றத்தில் இடப்பக்கமாக எறியுங்கள். வற்றத்தில் வலப்பக்கமாக. வேல்ஸ் கரையில் இது தலைகீழ். ஈயம் தண்ணீரில் விழுந்ததும் ரீலைப் பூட்டாமல் அடி தொடும் வரை விடுங்கள். தொட்ட பிறகும் பத்துப் பதினைந்து மீட்டர் நரம்பு தாராளமாகப் போகட்டும். அது ஓட்டத்தில் வில்லாக வளையும். இப்போது பூட்டி, ராடை ஸ்டாண்டில் வைத்து, மெதுவாக ஒரு சுற்று. நுனி சற்று வளைந்து நிற்கும். வளைந்த நரம்பு ஈயத்தைப் பக்கவாட்டில் இழுப்பதால் கம்பிகள் இன்னும் ஆழமாகக் கவ்வும். ஓட்டம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு வில் வேண்டும்.

நுனி வளைந்து நிற்பதால் கடியின் அடையாளமும் மாறிவிடுகிறது. நுனி கீழே இழுபடும் என்று காத்திருந்தால் பாதி மீனைத் தவற விடுவீர்கள். பெரிய மீன் இரையை எடுத்து ஈயத்தைப் பிடுங்கியதும் நுனி நிமிரும், நரம்பு தொய்ந்து தொங்கும். அதைப் பார்த்ததும் ராடை எடுத்து, பின்னால் நடந்துகொண்டே வேகமாகச் சுற்றி, பாரம் தெரிந்த பிறகு தூக்குங்கள். திருக்கை கொஞ்சம் வித்தியாசம். முதலில் இரையின் மேல் வந்து படுக்கும், நுனி இரண்டு தடவை தலையாட்டும், அப்புறம் ஒன்றும் நடக்காது. கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் நகரத் தொடங்கும், அப்போது தூக்கினால் போதும். படபடவென்று நுனி நடுங்கினால் வைட்டிங். அர்த்தமில்லாமல் ரொம்ப நேரம் ஆடிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் டாக்ஃபிஷ் என்கிற சின்னச் சுறா.

ஏற்றத்தின் நடு இரண்டு மணி நேரம், ஓட்டம் உச்சத்தில் இருக்கும்போது, நான் ராடை மடித்து வைத்துவிட்டு ஃபிளாஸ்க்கைத் திறப்பேன். அந்த நேரத்தில் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு ஏற்றத்தின் கடைசி இரண்டு மணியும் வற்றத்தின் முதல் ஒன்றரை மணியும்தான் கைவந்தவை.

இரை

கலங்கல் நீரில் பளபளக்கும் செயற்கை இரையைச் சுற்றி இழுப்பது வீண். மேற்கே தண்ணீர் தெளிகிற இடங்களுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நாற்றம்தான் வேண்டும், ரத்தமும் எண்ணெயும் ஒழுகும் இரை. லக்வார்ம், ராக்வார்ம் என்ற புழுக்கள், கணவாய், மேக்கரல் துண்டு. வைட்டிங்குக்கும் நாக்குமீனுக்கும் புழு. திருக்கைக்கு மேக்கரலும் கணவாயும் சேர்த்துச் சுற்றியது. காங்கருக்கு ஒரு முழுக் கணவாய்.

புழுவைக் கடையில் வாங்குங்கள். தோண்டி எடுக்கிறேன் என்று மண்வெட்டியோடு போனால் மறுபடி சேற்றுப் பாடத்தில்தான் வந்து நிற்பீர்கள். செய்தித்தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் ஓரிரு நாள் தாங்கும், வீட்டில் சம்மதம் வாங்குவது உங்கள் சாமர்த்தியம். கணவாயைத் தூண்டில் கடையில் வாங்காதீர்கள். சீனச் சூப்பர்மார்க்கெட்டில் உறைய வைத்த பெட்டி மலிவு. மிஞ்சினால் நீங்களே வறுத்துச் சாப்பிடலாம்.

மெல்லிய எலாஸ்டிக் நூல் விற்பார்கள். இரையை முள்ளில் கோத்த பிறகு அந்த நூலால் இறுக்கமாகச் சுற்றுங்கள். இல்லையென்றால் எறியும்போதே பாதி பிய்ந்துபோகும், மீதியை நண்டு முடித்துவிடும். ஓடுகிற தண்ணீர் இருபது நிமிடத்தில் வாசனையைக் கழுவிவிடும், ஆகவே கடி வந்தாலும் வராவிட்டாலும் எடுத்துப் புதிதாகக் கட்டுங்கள். பக்கத்தில் நிற்கிறவர் உங்களைவிட அதிகம் பிடிக்கிறார் என்றால் அநேகமாக அவர் இதைச் சோம்பலில்லாமல் செய்கிறார்.

பருவம் சுருக்கமாக: அக்டோபர் முதல் ஜனவரி வரை வைட்டிங். வசந்தத்திலிருந்து திருக்கை. கோடை ராத்திரிகளில் நாக்குமீன், காங்கர். மே முதல் இலையுதிர்காலம் வரை பாஸ். காட் மீனுக்காகத்தான் ஒரு காலத்தில் குளிர்காலத்தில் இந்தக் கரை நிரம்பி வழியும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இப்போது அது கிடைத்தால் அன்றைக்குக் கரையில் எல்லோரும் வந்து பார்ப்பார்கள்.

இங்கிலாந்தில் கரையிலிருந்து கடல் மீன் பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் விலாங்கு மாட்டினால் திரும்ப விட்டுவிட வேண்டும். நான் சொல்வது ஆற்று விலாங்கை, காங்கரை இல்லை. பாஸ் 42 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் வைத்துக்கொள்ளக் கூடாது. எத்தனை வைத்துக்கொள்ளலாம், எந்த மாதங்களில் என்பதை அரசாங்க இணையதளத்தில் வருஷா வருஷம் பார்த்துக்கொள்ளுங்கள், மாற்றுவார்கள். பெரிய திருக்கைகள் பெரும்பாலும் பெண். முட்டையிட்டுப் பெருக வருஷக்கணக்காகும், நான் விட்டுவிடுவேன். இங்குள்ள தார்ன்பேக் திருக்கை நம்ம ஊர்த் திருக்கை மாதிரி வாலால் கொட்டாது, ஆனால் முதுகிலும் வாலிலும் முள் வரிசையாக இருக்கும், தடித்த கையுறை போட்டுப் பிடியுங்கள். காங்கர் வாயில் விரலை விடாதீர்கள், செத்துவிட்டது என்று நினைத்தாலும்.

சட்டிக்கு

வைட்டிங் சதை ரொம்ப மென்மை, குழம்பில் போட்டால் கரைந்துவிடும். அரிசி மாவும் மிளகாய்த்தூளும் பூசிப் பொரியுங்கள். நாக்குமீனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டாக்ஃபிஷைத்தான் இங்குள்ளவர்கள் திட்டிக்கொண்டே திரும்பத் தண்ணீரில் விடுவார்கள். தோல் உப்புத்தாள் மாதிரி உரசும், உரிக்க முடியாது, நாறும் என்பார்கள். நமக்கு அது சுறாப்புட்டு. நாற்றம் வருவதற்குக் காரணம் உண்டு. சுறா, திருக்கை இனத்தின் உடம்பில் யூரியா இருக்கிறது, செத்ததும் அது அமோனியாவாக மாறத் தொடங்கும். அதனால் கரையிலேயே தலைப்பக்கம் வெட்டி ரத்தத்தை வடித்து, குடலை எடுத்து, ஐஸ் பெட்டியில் போடுங்கள். மறுநாளைக்கு மேல் வைக்காதீர்கள். வீட்டில் கொதிக்கும் தண்ணீரில் மஞ்சள் போட்டு முக்கி எடுத்தால் தோலைக் கத்தியால் சுரண்டியே கழற்றிவிடலாம். அப்புறம் வேகவைத்து, நடுக்குருத்தை உருவி, உதிர்த்து, துணியில் போட்டு நன்றாகப் பிழியுங்கள். ஈரம் இருந்தால் புட்டு குழையும். நல்லெண்ணெயில் கடுகு, சோம்பு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், நிறையப் பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய் வதக்கி, உதிர்த்ததைக் கொட்டி, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். ஊர்ப் பால்சுறாவைவிட இதற்குக் கொஞ்சம் வாடை கூடுதல், ஆகவே பூண்டையும் மிளகாயையும் ஊர் அளவைவிட ஒரு பங்கு அதிகமாகப் போடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துச் சமையுங்கள். இல்லையென்றால் வாடகை வீட்டில் புகை அலாரம் அடிக்கும்.